குளிர்விக்கும் நீரில் குமிழிகள்

மோட்டார் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரில் தோன்றும் குமிழிகளில் இரு வகைகள் குறிப்பிடத்தக்கவை. புகை வெளியேறும் வால்வுகளை ஒட்டிய மிகச் சூடான உலோகப் பரப்பில் நீர் கொதித்துப் பிறப்பது நீராவிக் குமிழி. குளிர்ந்த நீரில் கலந்ததும் அது மறைந்துவிடும். அவசரமாக நீர் நிரப்பும்போதோ, தளர்ந்த குழாய் இணைப்பின் வழியாகவோ புகுவது காற்றுக் குமிழி. அது மேடான இடத்தில் தங்கி நீரோட்டத்தைத் தடுக்கும். எவ்வகைக் குமிழியாயினும், நீரைப்போல் வெப்பத்தை வாங்கிக்கொள்வதில்லை. எனவே அது நிற்குமிடம் மேலும் சூடேறுகிறது.

லடாக்கிற்குப் பண்டங்களைச் சுமந்து மணாலி–லே சாலையில் ஏறும் லாரிகளுக்கு இவ்விடர் அதிகம். 5,300 மீட்டருக்கு மேற்பட்ட தங்லாங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. திறந்த பாத்திரத்தில் அங்கு நீர் சுமார் 83 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் மிகையழுத்தத்தைத் தாங்குமாயின், கொதிநிலை சுமார் 110 டிகிரிக்கு உயரும். மூடி பழுதுபட்டால் இக்காப்பு அகன்றுவிடும். சூடான எஞ்சினின் மூடியைத் திறந்தாலோ, அழுத்தம் நீங்கிய கணமே நீர் ஆவியாகப் பொங்கி, திறந்தவரின் முகத்தையும் கைகளையும் புண்ணாக்கிவிடும்.

ஆகவே, மலையேறுமுன் மூடியையும் குழாய்களையும் சோதிப்பதும், எஞ்சின் ஆறிய பின்னரே மூடியைத் திறந்து மெல்ல நீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதும் இன்றியமையாதவை. சிறு மூடியொன்றின் நலனில் பெரும் பயணமே அடங்கியுள்ளது.