எஸ்டிமேட் பண்ணியும் ஏன் கேஸ் பத்தல?

எத்தீரியத்துல காண்ட்ராக்ட் எழுதுறவங்க எல்லாரும் ஒரு நாள் கேட்கிற கேள்வி இது. எனக்கும் அந்த நாள் வந்துச்சு.

லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும் லூப் போட்டுப் பணம் பிரிச்சுக் கொடுக்கிற ஃபங்ஷன். எஸ்டிமேட் எடுத்தேன், வந்த நம்பரை அப்படியே கேஸ் லிமிட்டா வச்சேன். டிரான்சாக்‌ஷன் வரிசையில காத்திருந்தப்போ லிஸ்ட்ல இன்னும் 2 பேர் சேர்ந்துட்டாங்க. பாதியில கேஸ் தீர்ந்துபோச்சு. யாருக்கும் பணம் போகல, கட்டணம் மட்டும் முழுசா போயிடுச்சு.

எஸ்டிமேட்ங்கிறது ஜோசியம் இல்ல. அந்த நிமிஷத்து நிலவரத்துல நோட் ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சொல்ற கணக்கு. சாதாரண கணக்குக்கு ஈத்தர் அனுப்ப 21,000 கேஸ், அதுல குழப்பமே இல்ல. ஆனா ஸ்டோரேஜ்ல காலியா இருந்த ஒரு இடத்துல புதுசா எழுதவே 20,000க்கு மேல ஆகும். நிலவரம் மாறினா கணக்கும் மாறும். அதனால இப்போ 20 சதவீதம் கூட வைக்கிறேன். செலவாகாத கேஸுக்குக் காசு பிடிக்க மாட்டாங்க.

கேஸ் விலை தனிக்கதை. 2021 ஆகஸ்ட் லண்டன் அப்கிரேடுக்குப் பிறகு பேஸ் ஃபீ ஒரு பிளாக்குக்கு அதிகபட்சம் 12.5 சதவீதம்தான் ஏறும். கம்மியாத்தான் தெரியும். தொடர்ந்து 6 பிளாக் நிரம்பினா ரெண்டு மடங்கு! பிளாக்குக்கு 12 விநாடி, மொத்தம் 72 விநாடி. டீ சொல்லிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். அதனால மேக்ஸ் ஃபீயை இப்போதைய பேஸ் ஃபீயைப் போல ரெண்டு மடங்கு வைங்க, வித்தியாசம் உங்ககிட்டயே இருக்கும்.

லூப்? லிஸ்ட் வளர வளர எந்த 20 சதவீதமும் பத்தாது. தூக்கிட்டேன். அவங்கவங்க பங்கை அவங்கவங்களே வந்து எடுத்துக்கணும், கேஸும் அவங்க செலவு. அதுக்கு டீம்ல ஒரு சின்ன சண்டை நடந்துச்சு, அது அடுத்த எபிசோடுல.