உப்பும் சர்க்கரையும் உயிர் காக்கும்
(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்றஞ்சி, சிலர் தண்ணீரையே நிறுத்திவிடுகின்றனர். இவ்வச்சம் உயிருக்கே உலை வைக்கும்.

பேதி நோய்களுள் கொடியது காலரா. அதன் கிருமி குடலில் ஒரு நஞ்சைச் சுரக்கிறது. இதனை 1959-ல் கல்கத்தாவில் டாக்டர் சம்பு நாத் டே மெய்ப்பித்தார். நஞ்சு தாக்கியதும் குடலின் உயிரணுக்கள் உடல் நீரையும் உப்பையும் வெளியே கொட்டுகின்றன. ஆயினும் அவ்வணுக்களில் ஒரு வாயில் மட்டும் அடைபடுவதில்லை. உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையிலுள்ள குளுக்கோசும் சேர்ந்து வந்தால், அவ்வாயில் இரண்டையும் ஏற்கும். அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும்.

1971-ல் கிழக்கு வங்காள அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைப் பருகக் கொடுத்தார். 100-க்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில், இறப்பு 100-க்கு 4-க்கும் கீழே இறங்கியது.

இதற்கான பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். அஃது இல்லாதபோது, கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுவோம். உப்பு மிகலாகாது, தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், உடனே மருத்துவரிடம் சேர்ப்போம்.

குடிநீர்த் தொட்டியைத் தூய்மையாக வைப்பதும், குக்கிராமந்தோறும் இப்பொட்டலம் இருப்பில் இருக்கச் செய்வதும் நம் பஞ்சாயத்தின் கடமையாகும்.