அரசு ஊழியரின் பதிவேடும் மக்களின் உரிமையும்



அரசு அலுவலகத்தில் ஒரு காகிதம் கேட்பதென்றாலே கைகட்டி நிற்கவேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள் நாம். அங்குள்ள பதிவேடுகளில் நம்முடைய வாழ்வும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நமக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. இராசத்தானத்து ஏழைக் கூலித் தொழிலாளர்கள் இதனை முன்னரே உணர்ந்தனர். தங்கள் கூலிக் கணக்கையும் வருகைப் பட்டியலையும் காட்டுமாறு கேட்டனர். 1996ஆம் ஆண்டு பியாவர் நகரில் 40 நாட்கள் அறப்போர் நடத்தினர். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 2005ஆம் ஆண்டு நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

அரசு ஊழியரைப் பற்றி எதனைக் கேட்கலாம், எதனைக் கேட்கலாகாது? இதில் தெளிவு வேண்டும். அலுவலர், ஊழியர் ஒவ்வொருவரும் பெறும் மாதச் சம்பளத்தை அலுவலகம் தானே வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. மக்கள் தரும் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் ஆசிரியராகிய நமக்கு இதில் வெட்கம் ஏதுமில்லை. ஆனால் ஒருவருடைய நோய், குடும்பம், வங்கிக் கணக்கு ஆகியவை ஊரார் பார்வைக்கு உரியவை அல்ல. ஊழியருக்கு வழங்கப்பட்ட குறிப்பாணைகளும் சொத்து விவரங்களும், பெரும் பொதுநலன் இருந்தாலன்றித் தரத்தக்கவை அல்ல என்று 2012ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. நம் குடும்பங்களிலிருந்து முதன்முதலாக அரசுப் பணிக்குச் சென்ற பிள்ளைகளின் பதிவேட்டையும் பகைமை கொண்டோர் கேட்கக்கூடும் அல்லவா?

எனினும் பூட்டு அளவுக்கு மீறி இறுகுவதும் தீமையே. பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிவிவரத்தையே மறுக்கலாம் என்றிருந்த விதி, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருத்தப்பட்டது. 2025 நவம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரு சொல்லைக் கொண்டே விண்ணப்பத்தைத் திருப்பிவிட முடியும். ஆயினும் 8ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு இன்றும் உயிரோடிருக்கிறது. தீங்கினும் பொதுநலன் மிகுமாயின் தகவலைத் தரலாம் என்பது அதன் பொருள். அப்பிரிவை விண்ணப்பத்தில் மறவாமல் எழுதுங்கள்.

இளைஞர்களே, தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதனுள் 3 விழுக்காடு அருந்ததியர்க்கு உள்ஒதுக்கீடாகும். அது நிறைவேறியதா என்பதை இனச்சுழற்சிப் பதிவேடே சொல்லும். ஒப்பளிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நமக்குரிய சுழற்சி எண்கள் எவை, நிரப்பப்படாத குறைவுப் பணியிடங்கள் எத்தனை, எந்த ஆண்டு முதல் என்று கேளுங்கள். எவர் பெயரையும் கேட்கவேண்டா. மனிதருக்குத் தனிவாழ்வு உண்டு. பணியிடத்திற்கு ஏது தனிவாழ்வு?

கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர்க்கு அதுவும் இல்லை. காரணம் கூறவேண்டியதில்லை. 30 நாட்களில் விடை வரவேண்டும். வராவிடில், அல்லது மறுக்கப்படின், அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முறையிடலாம். அதன்பின் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்தை அணுகலாம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

ஒருவரைத் துன்புறுத்துவதற்காக இவ்வுரிமையைப் பயன்படுத்தாதீர்கள்; அச்சத்தால் பயன்படுத்தாமலும் இருந்துவிடாதீர்கள். நம் சங்கத்தில் எழுத்தறிந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு விண்ணப்பமேனும் எழுதினால், நிரப்பப்படாத இடங்கள் கணக்கில் வரும். கணக்கில் வந்ததை மறைத்தல் அரிது.