கௌரியின் கையில் இருந்த துறை
(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



'முதல் பெண்' பட்டியலைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். மத்திய அமைச்சரவையில் ராஜகுமாரி அம்ரித் கௌர். 1963இல் உத்தரப் பிரதேச முதலமைச்சராக சுசேதா கிருபளானி. 1966இல் பிரதமராக இந்திரா காந்தி. பட்டியலில் பிழையில்லை. ஆனால் அந்தப் பதவியால் எந்த வர்க்கத்தின் வாழ்வு மாறியது என்று அது கேட்பதில்லை.

1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். தலைமையில் கேரளத்தில் பதவியேற்ற 11 பேரில் ஒரே பெண், கே.ஆர்.கௌரி. சிறை கண்ட வழக்கறிஞர். அவரிடம் ஒப்படைக்கப்பட்டது வருவாய்த்துறை. பெண் என்றால் சமூக நலத்துறை என்று ஒதுக்கும் வழக்கம் இன்றும் ஓயவில்லை என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 11 அன்றே, குத்தகை விவசாயிகளையும் குடிகிடப்புக்காரர்களையும் வெளியேற்றத் தடை விதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. ஆறே நாட்கள்! அவர் கொண்டுவந்த விவசாய உறவு மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை 31இல் அரசே கலைக்கப்பட்டது. 1967இல் மீண்டும் அதே துறைக்கு வந்தார். 1969ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது ஜன்மி முறை சரிந்தது.

1994இல் அவர் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் எதிரணி அமைச்சரவையிலும் இருந்தார். அந்த விவாதம் வேறு. அதற்காக 1957ஐ அவரிடமிருந்து பறித்துவிட முடியாது. இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை: கேரளத்திலும் வங்கத்திலும் திரிபுராவிலும் இடதுசாரி அரசுகள் பலமுறை அமைந்தன, ஒருமுறைகூடப் பெண் முதலமைச்சர் இல்லை. தகுதியான தோழர்கள் இல்லாமற்போனதாலா? நான் அப்படிக் கருதவில்லை.

1996இல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவைப் பரிசீலித்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் தலைவர், நம் இயக்கத்தின் கீதா முகர்ஜி. 2023இல்தான் 106ஆவது திருத்தம் நிறைவேறியது. அதையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் பாஜக அரசு முடிச்சுப் போட்டது. விளைவாக, 2024இல் மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் பெண்கள் 74 பேர் மட்டுமே.

நமது கமிட்டிகளுக்கு வருவோம். இட ஒதுக்கீட்டால் ஊராட்சித் தலைவரான பெண் தோழரின் நாற்காலியில் கணவர் அமர்ந்து கோப்பு பார்க்கிறார் என்றால், அது அவர்களுடைய குடும்ப விஷயம் அன்று. அடுத்த கிளைக் கூட்டத்தின் முதல் பொருளாக அதை வையுங்கள். அந்தத் தோழரையே முதலில் பேசவிடுங்கள்.