ஏட்டில் ஏறாத பெயர்கள்

(யூபிலி விழாக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"வரலாற்று ஆசிரியனும் எளியோர் வரலாறும்" என்ற தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் மன்னர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் ஒப்பித்தவன் நான். இன்று அந்தப் பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு வகையில் இது என் பாவசங்கீர்த்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தக்கலையைப் போல வரலாறு குவிந்து கிடக்கும் ஊர்கள் குறைவு. கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். இந்தப் பக்கம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின் அதே அரசின் படைத்தலைவரான டிலனாய் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவன் பெயர் எங்கே? ஊழியம் என்ற பெயரால் கூலியின்றி உழைத்தவனுக்கும், தலைவரி கட்ட முடியாமல் ஓடி ஒளிந்த பனையேறிக்கும் எந்தக் கல்லில் எழுத்து வெட்டியிருக்கிறது?

எழுதத் தெரிந்தவன் தன்னைப் பற்றி எழுதினான். எழுத விடப்படாதவன் ஏட்டில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் பொருளாகத்தான் ஏறினான். அழகியபாண்டிபுரம் முதலியார் குடும்பத்து ஓலைச்சுவடிகளைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாஞ்சில் நாட்டு நிர்வாகம், வரி, பஞ்சம் எல்லாம் அந்த ஓலைகளில் இருக்கின்றன. மனிதரை மனிதர் விற்ற அடிமை ஓலைகளும் அவற்றில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல்தான். அந்த ஓலைகளின் அருமையை முதலில் உணர்ந்தவர் தேரூரில் பிறந்த நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள். பிற்காலத்தில் அவற்றைப் பதிப்பித்து எல்லாரும் படிக்கத் தந்தவர் ஆய்வாளர் அ. கா. பெருமாள் அவர்கள்.

கவிமணியைக் குழந்தைப் பாட்டுக்காரராக மட்டும் நாம் அறிவோம். அவர் கல்வெட்டுகளைத் தேடி நடந்து நடந்து படியெடுத்தவர். படித்ததைப் பெட்டியில் பூட்டி வைத்தவரும் அல்லர். தம் சொந்தச் சமுதாயத்தில் மருமக்கள்வழிச் சொத்துரிமையால் பெண்டு பிள்ளைகள் தெருவில் நின்றதைக் கண்டு, "மருமக்கள்வழி மான்மியம்" எழுதினார். சொந்தக்காரர்களின் கோபத்துக்கு அவர் அஞ்சவில்லை. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தபோது அதற்கு நிலத்தைப் பண்படுத்திய எழுத்துகளில் அதுவும் ஒன்று. அறிஞன் ஊர்ச் சந்தியில் வந்து நின்று பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதே நாஞ்சில் மண்ணின் பேராசிரியர் கே. கே. பிள்ளை அவர்கள் 1953இல் சுசீந்திரம் கோயிலைப் பற்றிப் பெரும் நூல் வெளியிட்டார். 1972இல் தமிழக வரலாறு எழுதியபோது, அதன் தலைப்பிலேயே "மக்களும் பண்பாடும்" என்று சேர்த்தார். மன்னர்களுக்குப் பக்கத்தில் மக்களுக்கும் ஓர் இருக்கை போட்டார்!

2014இல் தில்லியில் வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் ஆற்றிய ஓர் உரையில், கற்றவர்கள் கேள்வி கேட்பதை ஏன் விட்டுவிட்டார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி தில்லிக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டு வாசலிலேயே அதற்கு வேலை இருக்கிறது.

தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்வோம். மார்பை மறைத்துத் துணி உடுத்ததற்காக நம் பெண்கள் சந்தையிலும் வழியிலும் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் மூண்ட இந்தக் கலகம் 1859 ஜூலை 26ஆம் நாள் அரச விளம்பரம் வரும்வரை விட்டு விட்டு எரிந்தது. அந்த விளம்பரமும் முழு விடுதலை தரவில்லை. குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி உடுக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுக்கக் கூடாது என்றே சொன்னது. புலையர் பெண்கள் இன்னும் பல காலம் காத்திருந்தார்கள். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டுக் கிளர்ச்சியின்போது, அய்யன்காளியின் அழைப்பை ஏற்றுத் தங்கள் கழுத்துக் கல்மாலைகளை அவர்கள் அறுத்தெறிந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கீழேயும் ஒடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

இந்தப் போராட்டம் மத்தியக் கல்வித் திட்டத்தின் 9ஆம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. காஷ்மீர் பிள்ளையும் அசாம் பிள்ளையும் நம் பாட்டிமாரின் கதையைப் படித்தார்கள். ஆனால் நாடார் மக்கள் வெளியிலிருந்து குடியேறியவர்கள் என்னும் பொருளில் அதில் வந்த வாசகம் பலரைப் புண்படுத்தியது. 2012இல் தமிழ்நாட்டில் கண்டனம் எழுந்தது, வழக்கும் நடந்தது. கோபத்தில் நியாயம் இருந்தது. முடிவு என்ன ஆயிற்று? 2016 டிசம்பரில், அந்தப் பகுதியிலிருந்து அடுத்த ஆண்டுத் தேர்வில் கேள்வி வராது என்று சுற்றறிக்கை வந்தது. 2019இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, உடை பற்றிய அந்த அதிகாரத்தையே நூலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிழையான வரியைத் திருத்தக் கேட்டோம், பக்கமே போய்விட்டது. அடிபட்ட பெண்கள் இரண்டாம் முறை மறக்கப்பட்டார்கள். அன்று, "நீக்காதீர், திருத்துங்கள்" என்று உரக்கச் சொல்ல வேண்டிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். நான் சொல்லவில்லை.

அடுத்து, நம் புனிதர் தேவசகாயம். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தவர். அரசு ஆவணங்களில் இதற்குச் சான்று எங்கே என்று வரலாற்றறிஞர் சிலர் கேட்டார்கள். கேள்வி கேட்டவர்களைக் கோபிக்க வேண்டாம். அது அவர்கள் தொழில். ஆனால் அரசன் ஏட்டில் இல்லாதது வேறு ஏட்டில் இருக்கலாம் அல்லவா? கொச்சி ஆயர் 1756இலேயே உரோமைக்கு அனுப்பிய அறிக்கை இருந்தது. கோட்டாற்றில் கல்லறை இருந்தது. மக்களின் பாட்டும் கதையும் இருந்தன. 2022 மே 15ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது, சாதிப் பெயரை விட்டு, "தேவசகாயம் எனப்பட்ட லாசர்" என்றே திருச்சபை அழைத்தது. பெயரிலும் நீதி உண்டு என்பதை அது காட்டியது.

ஆனால் அன்பர்களே, பிறர் மறைத்ததை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் கட்டிய கோயிலுக்குள் சாதி வாரியாக மக்களைப் பிரித்த சுவர் இருந்தது. 1910இல் கௌசானல் அடிகளார் அதை இடித்தார். அதற்காக அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தவர்களும் கிறிஸ்தவர்களே! தூத்துக்குடிப் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் அவர்கள் "கிறித்தவமும் சாதியும்" என்ற நூலில் இத்தகைய செய்திகளை ஒளிவுமறைவின்றி எழுதினார். நமக்குக் கசக்கும், மருந்தும் கசக்கத்தான் செய்யும்.

இனி நம் பங்குக்கு வருவோம். 1563இல் திரிதெந்தீன் சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று விதித்தது. நம் குடும்பங்களில் பலவற்றுக்கு நிலப் பத்திரம் இல்லாத காலத்திலும் ஞானஸ்நானப் பதிவு இருந்தது. என் பாட்டியை ஊரில் எல்லாரும் "கருப்பட்டிக்காரி" என்றே கூப்பிட்டார்கள். சந்தைக்குத் தலைச்சுமையாய்க் கொண்டுபோய் விற்றதால் வந்த பெயர். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, வேறொரு காரியமாகப் பழைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அவருடைய பெயர் வியாகுலம் என்று அறிந்தேன். ஒரே ஒரு வரி. அந்த வரி இல்லையென்றால், என் பாட்டி இவ்வுலகில் பெயரில்லாமலே வாழ்ந்து போனவராகியிருப்பார். வேறொரு பங்கில் (பெயர் வேண்டாம்) அப்படிப்பட்ட பதிவேடு ஒன்றைக் கறையான் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். எத்தனை பாட்டிமார் அந்த மண்ணுக்குள் போனார்களோ!

எனவே யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களை வேண்டிக் கேட்கிறேன். முதலாவது, நம் பதிவேடுகள் அனைத்தையும் படம் பிடித்து, ஒரு படி பங்கிலும் ஒரு படி ஆயர் இல்லத்திலும் இருக்கச் செய்யுங்கள். இரண்டாவது, எண்பது வயதைக் கடந்த பெரியவர்களிடம் இளைஞர்கள் போய் உட்காருங்கள். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள், தமிழகத்தோடு இணைவதற்கான போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது. அன்று சிறுவராய் அதைக் கேட்ட காதுகள் இன்று மிகச் சிலவே. கையிலிருக்கும் தொலைபேசியில் அவர்கள் குரலைப் பதியுங்கள். மூன்றாவது, அடுத்த மலரில் கொடைகொடுத்தோர் பட்டியலுக்குப் பக்கத்தில், இந்தக் கோயிலுக்கு மண் சுமந்தவர்கள், கொத்தனார்கள், கோயில் பெருக்கிய அம்மாக்கள், கல்லறை தோண்டியவர்கள் ஆகியோரின் பெயர்களையும் அச்சிடுங்கள்.

வரலாற்று ஆசிரியன் பல்கலைக்கழகத்தில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. பதிவேட்டைக் கறையானிடமிருந்து காக்கும் கோயில்பிள்ளையும், பாட்டியின் பேச்சை எழுதி வைக்கும் பேத்தியும் வரலாற்று ஆசிரியர்களே. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று கேட்டிருக்கிறோம். பெயர் சொல்லி அழைக்க, முதலில் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.