கேரித் தீவுக்குத் தனியே போய்ப் பாருங்கள்



வாரக் கடைசியில் தனியாக ஊர் சுற்றப் போவதாக ஒரு பெண் வீட்டில் சொன்னால், முதலில் வருகிற கேள்வி "துணைக்கு யார்?" என்பதுதான். நம்மவருக்குப் பயணம் என்றால் ஒரு வேன், அதில் பதினான்கு பேர், புளிச்சோறு, உறைப்பாக ஒரு சம்பல். தனியே போகிறவர்களைப் பார்த்தால் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துவிடுகிறோம்.

அப்படியும் தனியே போக நினைக்கிற இளையவர்களின் கண் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போகிறது. வட இத்தாலியில் போல்சானோ என்று ஒரு நகரம். இத்தாலியமும் ஜெர்மனும் சேர்ந்து புழங்கும் ஊர். தெருப் பெயர்ப்பலகைகூட இரண்டு மொழியில்தான். பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகு சும்மா வந்துவிடவில்லை. முதல் உலகப் போர் முடியும்வரை அது ஆஸ்திரியாவின் ஊர். 1919 உடன்படிக்கையில் இத்தாலிக்குப் போனது. பாசிச ஆட்சி 1920களில் ஜெர்மன் பள்ளிகளை மூடியது. அங்குள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் களஞ்சியங்களிலும் ஒளித்து வைத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி சொல்லிக் கொடுத்தார்கள். 1972இல் புதிய தன்னாட்சிச் சட்டம் கிடைத்த பிறகுதான் நிலைமை உறுதிப்பட்டது. இரண்டு பண்பாடு ஒரே ஊரில் நிற்க வேண்டுமானால் அதற்குப் பள்ளி வேண்டும், நிலம் வேண்டும், சட்டமும் வேண்டும். போல்சானோ சொல்லும் கதை அதுதான்.

இதே கதையை, பாதியில் நிற்கும் நிலையில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் பார்க்கலாம். கேரித் தீவு!

பெயர்தான் தீவு. பாலத்தைத் தாண்டும்போது தீவுக்குள் நுழைகிறோம் என்றே தோன்றாது. லங்காட் ஆறுதான் அதை நிலத்திலிருந்து பிரிக்கிறது. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. தாழ்வான சதுப்பு நிலம். கடல்நீர் உள்ளே வராமல் சுற்றிலும் மண்ணணை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்துத்தான் அதைத் தோட்டமாக்கினார்கள். அந்தச் சேற்றில் யார் பாடுபட்டார்கள் என்று தமிழ் நேயர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரட்டுக்கு விடியுமுன் எழுந்தவர்கள், லயத்து வீடுகளில் பிள்ளை பெற்றவர்கள், கோயில் கட்டியவர்கள். கிழக்கு, மேற்கு என்று திசைப்பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அவர்கள் விட்டுச் சென்ற அடையாளம். கோல்டன் ஹோப் நிறுவனத்தின் தோட்டம் 2007 இணைப்பில் சைம் டார்பிக்குப் போனது. சைம் டார்பி தோட்ட நிறுவனத்தின் பெயரும் 2024இல் எஸ்.டி. கத்ரி என்று மாறிவிட்டது. செம்பனை மட்டும் அப்படியே நிற்கிறது. குலை அறுக்கும் கைகளில் பல இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவை. நம்மவர் பிள்ளைகள் கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் வந்துவிட்டார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேருக்குத் தாத்தா வேலை செய்த பிரிவின் பெயர் தெரியும்?

இவர்களுக்கெல்லாம் முன்பே அங்கு இருந்தவர்கள் மா மெரி மக்கள். ஓராங் அஸ்லி இனங்களில் ஒன்று. சில ஆயிரம் பேர்தான். அவர்கள் மொழி மலாயின் கிளை அல்ல. கம்போடியாவின் கெமரும், இந்தியாவின் காசியும் சந்தாலியும் சேர்ந்த ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுங்கை பும்புன் கம்பத்தில் அவர்களுடைய மரச் சிற்பங்களைப் பார்க்கலாம். முன்னோர் ஆவிகளின் முகமூடிகள் வரிசையாக இருக்கும். சங்கிலியிட்ட புலி ஒன்று உண்டு. சங்கிலி, வாய்க்குள் உருளும் உருண்டை எல்லாமே ஒரே கட்டையில் குடைந்தவை, ஒட்டு வேலை கிடையாது! அவர்கள் சிற்பங்கள் யுனெஸ்கோவின் தர முத்திரை பெற்றவை. அதற்கான நீரே பத்து மரம் அலையாத்திக் காட்டில் வளர்வது. காடு குறையக் குறைய மரமும் அரிதாகிறது.

ஆண்டுதோறும் முன்னோருக்காக 'ஹாரி மோயாங்' கொண்டாடுகிறார்கள். கடலோரத்தில் நடத்தும் படையலுக்குப் பெயர் 'பூஜா பந்தாய்'. பூசை என்ற சொல் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! பக்கத்துத் தோட்டத்தில் நூறாண்டு வாழ்ந்த நம்மவர்களோ, மா மெரி மொழியில் பத்துச் சொல்லாவது எழுதி வைத்தோமா என்றால் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது தீவுக்கு வேறு பெயரும் பேசப்படுகிறது: மூன்றாவது துறைமுகம். 2017இல் பெரிதாகப் பேசப்பட்ட திட்டம் அது. இன்னும் பேச்சு ஓயவில்லை. துறைமுகம் வந்தால் வேலை வரும், உண்மை. கம்பங்களுக்கும் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் என்ன இடம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதே சிலாங்கூரில், டெங்கிலுக்குப் பக்கத்தில், விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2002இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களின் பாரம்பரிய நில உரிமையை ஒப்புக்கொண்டன. ஆனால் அது நிலம் பறிபோன பிறகு கிடைத்த தீர்ப்பு.

சரி, ஏன் தனியே போகச் சொல்கிறோம்? பதினான்கு பேர் போனால் நண்டுக் கடையோடு பயணம் முடிந்துவிடும். நண்டு நன்றாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. தனியே போகிறவர் செதுக்குகிறவர் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா உட்காரலாம். கோயில் வாசலில் இருக்கும் பாட்டியும் கூட்டத்திடம் பேசமாட்டார், ஒற்றை ஆளிடம் பேசுவார்.

எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலையில் தெலுக் பங்ளிமா காராங்கில் இறங்கினால் பாலம் பக்கம்தான். வண்டி இல்லாதவர்கள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வந்து வாடகை வண்டி பிடிக்கலாம். திரும்பும் நேரத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். கம்பத்தில் படம் எடுக்குமுன் கேளுங்கள். சிற்பத்துக்கு அடிமாட்டு விலை பேசாதீர்கள். செம்பனைக்குள் சீக்கிரம் இருட்டிவிடும், ஏழு மணிக்குமுன் பாலத்தைத் தாண்டிவிடுவது நல்லது.

கிளம்புமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நம் குடும்பம் எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம் என்று. அங்கே போனால் "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்றுதான் கேட்பார்கள்.