தொண்டுக்கும் படிப்பு வேண்டும்

(அஸ்தினாபுரத்தில் நடைபெற்ற ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உரத்தைப் பற்றியோ, ஏரி மதகைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கலாம். இன்று உங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, அதிலும் பிறருக்குத் தொண்டு செய்வதையே தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் சொந்தத் தவறு ஒன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி என் அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தாள். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பணிபுரிய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஒரு கடையின் மாடியில் நடந்துவந்த பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாளை என்னிடம் காட்டி, “இது நல்ல படிப்புத்தானா, ஐயா?” என்று கேட்டார். கையெழுத்திட வேண்டிய கோப்புகள் என் முன்னே குவிந்திருந்தன. தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல், “நல்ல படிப்புத்தான், சேருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஓராண்டு கழித்து அவர் மீண்டும் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். எந்த மருத்துவமனையிலும் அது ஏற்கப்படவில்லை. அந்தப் படிப்புக்கு எந்த அங்கீகாரமும் இல்லை. நெல் விற்ற பணமும், நகையை அடகு வைத்த பணமும் போயின. “நீங்கள் நல்ல படிப்பு என்றுதானே சொன்னீர்கள், ஐயா?” என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. அதன்பின் இத்துறையின் படிப்புகளைப் பற்றி விசாரித்து அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

தொண்டுக்குப் படிப்பு எதற்கு, நல்ல மனம் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. பசுவின்மேல் நமக்குப் பாசம் இல்லையா? ஆயினும் கன்று குறுக்கே விழுந்துவிட்டால் கால்நடை மருத்துவரைத்தானே அழைத்துவருகிறோம். குடியால் சிதையும் குடும்பம், பள்ளியை விட்டு நின்ற சிறுவன், பதினைந்து வயதில் மணம் பேசப்படும் பெண், பேச்சு வராத குழந்தை, மனநோயுற்ற முதியவர், இவர்களுக்கு உதவப் பாசத்தோடு பயிற்சியும் அவசியம். எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கலாகாது, யாரிடம் அழைத்துச் செல்ல வேண்டும், கேட்டதை எவ்வாறு மறைவாகக் காக்க வேண்டும் என்பவை கற்று அறிய வேண்டியவை.

இதற்கு உதாரணம் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். சானடோரியம் என்று நாம் சொல்லும் அந்த இடத்தின் பெயரே அதனால் வந்தது. 1990களில் எச்.ஐ.வி. கண்டவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதில் அம்மருத்துவமனை முன்னின்றது. இவ்விரு நோய்களிலும் மருந்து பாதி வேலையைத்தான் செய்யும். அஞ்சி ஒதுங்கிய நோயாளியைத் தேற்றி, மருந்தை இடைவிடாமல் உட்கொள்ளச் செய்து, ஒதுக்கிய குடும்பத்தை மீண்டும் சேர்த்துவைப்பது மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்பவர்களே ஆற்றுப்படுத்துநர்களும் சமூகப் பணியாளர்களும் ஆவர்.

இந்நாட்டில் இத்தகைய பயிற்சிக்கு வயது ஏறக்குறைய தொண்ணூறு ஆகிறது. 1936இல் பம்பாயில் தொடங்கப்பட்ட டாட்டா சமூகப்பணிப் பள்ளியே அதன் முதற்படி. சமுதாய வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கப்பெற்ற 1952ஆம் ஆண்டிலேயே, சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் மருத்துவம் பயின்ற டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அம்மையார், ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947இல் காந்திகிராமத்தை நிறுவினார். அங்கே வளர்ந்த கிராமியக் கல்வி நிலையம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பெரும் தொண்டு புரிந்த இவர்கள் பிறருக்குக் கல்விக்கூடங்களையே விட்டுச் சென்றனர் என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, நம் பிள்ளைகள் நடக்க வேண்டிய பாதையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி பத்தாம் வகுப்பு. செவிலியர் பட்டப்படிப்பை விரும்பும் பிள்ளை மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவை எடுத்தாக வேண்டும். இங்கே தவறினால் பிறகு திரும்புவது கடினம். சமூகப்பணியை நாடும் பிள்ளைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டாம் படி பட்டப்படிப்பு. மூன்றாண்டு இளங்கலைச் சமூகப்பணிப் படிப்பு சில கல்லூரிகளில் உண்டு. அது கிடைக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். முதுகலைச் சமூகப்பணிப் படிப்பில் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் பொதுவாகச் சேரலாம். அருகிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ படித்த பெண்ணுக்கும் அந்த வாயில் திறந்தே இருக்கிறது. நம்மில் பலர் இதை அறிந்திருக்கவில்லை. அறியாமையால் எத்தனையோ பிள்ளைகள் பட்டத்தோடு நின்றுவிட்டனர்.

மூன்றாம் படி ஈராண்டு முதுகலைப் படிப்பு. இது நம் தாம்பரத்திலேயே, 1937இல் இங்கு இடம்பெயர்ந்து வந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருக்கிறது. சமுதாய வளர்ச்சி, மருத்துவமும் மனநலமும், குடும்பமும் குழந்தைகளும், தொழிலாளர் நலம் என இதில் பல பிரிவுகள் உண்டு. இப்படிப்பின் உயிர்நாடி களப்பயிற்சி. வாரத்தில் ஓரிரு நாள் மருத்துவமனைக்கோ, குடிசைப் பகுதிக்கோ, கிராமத்திற்கோ சென்று, மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் வேலை செய்து, செய்ததை எழுதிக் காட்ட வேண்டும். உழாமல் உழவு கற்க முடியாது அல்லவா?

நான்காம் படி தனிப்பயிற்சி. மனநலச் சமூகப் பணியாளராவதற்கு, முதுகலைக்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு முழுநேரப் பயிற்சியை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எதிர்பார்க்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்புவோருக்குத் தனி வழி உண்டு. முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம் அதற்கான படிப்புகளை நடத்துகிறது. இத்துறையில் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பே செல்லும். அதன் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தொழில் நடத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. இத்தொகை அவர்களுடைய பேருந்துக்கும் புத்தகத்துக்கும் துணைநிற்கும்.

வேலையைப் பற்றி உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும், ஆற்றுப்படுத்தும் மையங்களிலும், தொண்டு நிறுவனங்களிலும் உள்ள இடங்களில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை; தொகுப்பூதியம் உடையவை. தொழிற்சாலைகளின் நலப் பணிகளில் ஊதியம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். விரைவில் பொருளீட்ட வேண்டும் என்னும் பிள்ளைக்கு இத்துறை ஏற்றதன்று. பிறர் துயரைப் பொறுமையாகக் கேட்கவும், கேட்டதை வெளியில் சொல்லாதிருக்கவும் இயலும் பிள்ளைக்கே இது ஏற்றது. அந்த இயல்பு இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. விடுமுறை நாட்களில் சில மணி நேரம் முதியோர் இல்லத்திலோ, சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் மாலை வகுப்பிலோ பெரியோர் மேற்பார்வையில் உதவி செய்யட்டும். ஒரு மாதத்தில் பிள்ளைக்கே தன் மனம் விளங்கிவிடும்.

இனி உங்களிடம் என் வேண்டுகோள். எந்த நிலையத்திலும் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்படிப்பை அங்கீகரித்தது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது குழுமம்? களப்பயிற்சி எங்கே, எத்தனை நாட்கள்? சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். அங்கீகாரம் உண்டு என்று அவர்கள் சொல்வதோடு நில்லாமல், அங்கீகரித்ததாகச் சொல்லப்படும் அமைப்பிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களே! இம்மூன்று கேள்விகளையும் உங்கள் அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். மே முதல் நாள் கிராம சபையில், தேர்வு முடிவுகளை எதிர்நோக்கியிருக்கும் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்து, படித்து இத்துறையில் பணிபுரியும் ஒருவரைப் பேசச் செய்யுங்கள். சாலையும் குழாயும் போடுவதைப் போலவே இதுவும் ஊராட்சியின் வேலைதான். ஏரிகளும் வயல்களும் மனைகளாக மாறிவரும் நம் பகுதியில், புதிதாய் வந்தவரும் பழங்குடிகளும் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்கிறார்கள். முன்பு உறவினரும் அண்டை வீட்டாரும் பார்த்துக்கொண்ட துயரங்களுக்கு இனிப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவை. அவர்கள் வெளியூரிலிருந்து வருவதைவிட, நம் பேச்சும் பழக்கமும் அறிந்த நம் வீட்டுப் பிள்ளைகளாகவே இருப்பது நல்லதல்லவா?

நான் சொன்ன அந்தப் பெண் இன்று அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இளங்கலை இறுதி ஆண்டில் படிக்கிறாள். அடுத்து முதுகலைச் சமூகப்பணியில் சேர விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் இழந்த ஓர் ஆண்டையும், அவள் தந்தை இழந்த பணத்தையும் என்னால் திருப்பித் தர முடியாது. விசாரிக்காமல் “நல்ல படிப்புத்தான்” என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன் என்பதே என்னால் செய்யக்கூடியது. நீங்களும் சொல்லாதீர்கள். விளம்பரத் தாளைக் கையில் வாங்கி, உட்கார்ந்து, படித்துப் பார்த்து, விசாரித்த பிறகு பதில் சொல்லுங்கள்.